காலி வீதியும் ஜம்பட்டா வீதியும்

யாழ்ப்பாணத்தில் இரவு புறப்படும் சொகுசு பஸ்களில் பல, விடியற்புறம் கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் வந்து நிற்கின்றன. தூக்கக் கண்ணோடு இறங்குபவர்களுடன் முருங்கைக்காய்க் கட்டும் பனங்கட்டிக் குட்டானும் கருவாட்டுப் பொதியும் இறங்கும். காத்து நிற்கும் ஆட்டோக்காரர் சிங்களத்தில் தொடங்குவார், முகத்தைப் பார்த்ததும் "எந்த ரோட் அண்ணை?" என்று தமிழுக்கு மாறிவிடுவார். கொழும்பு 6இல் பொழுது இப்படித்தான் விடிகிறது.

வெள்ளவத்தையை அறிய வேண்டுமானால் காலி வீதியை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். ஸ்டேஷன் வீதி, இராமகிருஷ்ண வீதி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கி இறங்கும் தெருக்கள். முற்றமும் மாமரமும் வைத்திருந்த பழைய வீடுகள் போய் அநேகமான இடங்களில் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. ஆனாலும் காலை பத்து மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்தால் மிளகாய் வறுக்கும் வாசம் மூக்கில் ஏறும். கோயில் மணி கேட்கும். பெடியளை ரியூசனுக்கு இழுத்துக்கொண்டு ஓடும் தாய்மாரைக் காணலாம். தெரு முடிகிற இடத்தில் மரைன் டிரைவ்; அதைத் தாண்டினால் தண்டவாளம்; அதற்கப்பால் உடனே கடல். மாலையில் வாசலில் தொங்கும் சனத்தோடு ரயில் கடந்து போகும்வரை, கற்பாறைகளில் உட்காரப் போகிறவர்கள் பொறுமையாக நிற்பார்கள்.

இங்கே நாம் காணும் ஆட்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒன்றுக்காக வந்து தங்கியிருப்பவர்கள். விசா நேர்முகத்துக்கு வந்தவர், சத்திரசிகிச்சைக்குத் தாயைக் கூட்டி வந்தவர், கனடாவிலிருந்து வரும் மாப்பிள்ளைக்காகக் கலியாண மண்டபம் பார்க்க வந்தவர். ஓகஸ்டில் லண்டன் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டால் புடவைக் கடைகளில் நிற்க இடமிராது. சாப்பாட்டுக் கடையில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும் தம்பி "இன்னும் கொஞ்சம் விடவோ, அம்மா?" என்று கேட்கிறபோது, ஊரைவிட்டு வந்த களைப்பு பாதி இறங்கிப்போகும்.

57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். வெளியே வாகன இரைச்சல் எவ்வளவு இருந்தாலும், தமிழ்ப் புத்தகத்தைத் தேடி அங்கே படியேறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சாதாரண நாட்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. 1983 ஜூலை இனக்கலவரத்தில் இதே காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. ஒழுங்கைகளுக்குள் வீடுகள் எரிந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் அகதி முகாம்களில் தங்கி, பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறை போனார்கள். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியுமுன்னே கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதே ஊரில் இன்று லொட்ஜ் வாசலில் நின்று பிளேன்டீ குடிக்கிறவரின் நிம்மதிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

வெள்ளவத்தையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது பெரிய குறை. மட்டக்குளி போகும் 155ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்க வேண்டும். கொழும்பு 13. துறைமுகத்தை ஒட்டிய ஊர். வெள்ளவத்தைக்கு ஆட்கள் வந்து போகிறார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வேரோடியிருக்கிறார்கள். துறைமுகத்தில் உழைத்த குடும்பங்கள், பரதவர், கொழும்புச் செட்டிகள், மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்து நிலைத்தவர்கள், சிங்களவர், முஸ்லிம்கள் என எல்லோரும் நெருக்கி இருக்கும் தெருக்கள். ஜம்பட்டா வீதியில் பேரம் பேசும் அக்கா ஒரே மூச்சில் தமிழும் சிங்களமும் பேசி விலையைக் குறைத்துவிடுவார்.

சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கிறது. விவேகானந்த சபையும் இந்தப் பகுதியில்தான். அது நடத்தும் சைவசமயப் பரீட்சையை எழுதிய பிள்ளைகள் நாடெங்கும் உண்டு. பக்கத்திலுள்ள கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பியது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்ததும் கல்லின் குளிர்ச்சி உடம்பில் ஏறும். சற்று நடந்தால் புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் திருநீறு பூசிய நெற்றிகளும் அங்கே மெழுகுதிரி ஏற்றக் காத்து நிற்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையில் குண்டு வெடித்தது இந்தத் தலத்தில்தான். சில வாரங்களில் திருத்தி மீண்டும் திறந்தார்கள். செவ்வாய்க் கூட்டமும் திரும்பி வந்தது. கொழும்பில் நான் மிக மதிக்கும் வரிசை அது.

அங்கிருந்து செட்டியார் தெரு கூப்பிடு தூரம். வரிசையாக நகைக் கடைகள், நடுவே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கதிரேசன் கோயில். ஆடிவேல் விழாவுக்குத் தேர் புறப்படுவது இங்கிருந்துதான். புறக்கோட்டை கடந்து, காலிமுகத்திடல் வழியாக, காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கு வரும். வெள்ளவத்தைக்காரர் பலர் பம்பலப்பிட்டியில் நின்றே சாமி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆடியில் கொழும்புக்கு வருகிறவர்கள் செட்டியார் தெருவுக்கே போய், தேர் வடம் பிடிக்கும் நேரத்தில் நிற்க வேண்டும். முந்திய இரவு கொட்டாஞ்சேனையில் தங்கினால் இன்னும் நல்லது.