ஒரு ஹாஸ்டலும் நாற்பத்தஞ்சு நாளும்

"யுனிவர்சிட்டில இன்ஜினியரா? என்ன பாடம் எடுக்கறீங்க?" தில்லியில புதுசா அறிமுகமாகற தமிழ்க் குடும்பங்கள்ல முதல் கேள்வி இதுதான். பாடமெல்லாம் எடுக்கறதில்லைங்க. பாடம் எடுக்கற வகுப்போட கூரை ஒழுகாம பார்த்துக்கறவன் நான். சொன்னதும் முகத்துல ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும் பாருங்க :-)

நான் வேலை பார்க்கற பல்கலைக்கழகத்தோட பேரு இங்க வேண்டாம். மத்திய அரசுது, பழசு, பெருசு. அதோட பொறியியல் பிரிவுல இருபது வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு. புதுக் கட்டடமும் கட்டியிருக்கேன், பழசையும் ரிப்பேர் பார்த்திருக்கேன். எது கஷ்டம்னு கேட்டீங்கன்னா, கண்ணை மூடிக்கிட்டு ரிப்பேர்தான்னு சொல்வேன். காலி மனையில கட்டறது கல்யாணத்துக்குப் புதுப் புடவை எடுக்கற மாதிரி. ஆளுங்க குடியிருக்கற ஹாஸ்டலை ரிப்பேர் பண்றது, கட்டியிருக்கற புடவையை அவிழ்க்காமலே தையல் போடற மாதிரி.

ஏன்னு கேட்டா காலண்டரைத்தான் காட்டணும்.

ஏப்ரல்ல கோதுமை அறுவடை. மிஸ்திரிகள்ல பாதிப்பேர் பீகாருக்கும் கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கும் கிளம்பிடுவாங்க. மே, ஜூன்ல ஹாஸ்டல் காலியாகும், ஆனா வெயில் 45 டிகிரி. மத்தியானம் வெளியில வேலை நடக்காது. பூசின சிமெண்ட் தண்ணி ஊத்த ஊத்தக் காயும். ஜூன் கடைசியில மழை. ஜூலையில பசங்க திரும்பி வந்துடுவாங்க. அக்டோபர் அருமையான மாசம், ஆனா தசரா, தீபாவளி, அதுக்கு ஆறாவது நாள் சட் பூஜை. காண்ட்ராக்டர் காலில் விழுந்தாலும் ஆள் கிடைக்காது.

நவம்பர்ல காத்து கெட்டுப்போகும். 2017ல தில்லிக்கு 'கிராப்'னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. காத்து ரொம்ப மோசமானா கட்டுமான வேலைக்குத் தடை. 2019 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே தலைநகர் பகுதி முழுக்கக் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லுச்சு. டிசம்பர், ஜனவரியில பனி. சிமெண்ட் இறுக நேரமாகும், பெயிண்ட் காயவே காயாது. பிப்ரவரி நல்ல மாசம், ஆனா மார்ச் 31க்குள்ள பில் போட்டுப் பணத்தைச் செலவு பண்ணியாகணும்னு எல்லாத் துறையும் ஒரே நேரத்துல கழுத்தைப் பிடிக்கும்.

கழிச்சுப் பார்த்தா, ஹாஸ்டல் வேலைக்கு வருஷத்துல கிடைக்கறது நாற்பத்தஞ்சு நாள். அதுக்கு முந்தின அக்டோபர்லயே எஸ்டிமேட் போடணும். அப்புறம் நிர்வாக ஒப்புதல், செலவு ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், குறைஞ்ச விலை சொன்ன எல்-1 ஆளைப் பிடிச்சு ஒர்க் ஆர்டர். இதுல ஒரு கையெழுத்து ஒரு மாசம் தள்ளிப்போனா வேலை ஒரு மாசம் தள்ளிப்போகாதுங்க. ஒரு வருஷம் தள்ளிப்போகும். என் வேலையோட மொத்த சூட்சுமமும் இந்த ஒரு வரிதான்.

இப்போ 2018 ஜூலைக்கு வருவோம்.

எழுபதுகள்ல கட்டின பெண்கள் ஹாஸ்டல். நாலு மாடி. ரெண்டாவது மாடியில ஒரு ரூமோட சீலிங்லேர்ந்து காங்கிரீட் பெயர்ந்து படிக்கற மேஜை மேல விழுந்துச்சு. அந்தப் பொண்ணு சாப்பிட மெஸ்ஸுக்குப் போயிருந்தா. விழுந்த துண்டுல பெருசை எடை போட்டேன். மூணரை கிலோ.

காரணம் ரொம்ப சாதாரணம். மேல் மாடி பாத்ரூம் தண்ணி பல வருஷமா ஸ்லாப்புக்குள்ள கசிஞ்சு பக்கத்து ரூம் வரைக்கும் பரவியிருக்கு. உள்ளே இருக்கற கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும், ரெண்டு மடங்குக்கு மேலயே. அந்த அழுத்தத்துல கீழ இருக்கற காங்கிரீட் வெடிச்சுக் கழண்டுடும். மேல பூசி வெள்ளை அடிச்சா அடுத்த வருஷம் திரும்ப விழும். பெயர்ந்ததைக் கொத்தி, துருவைச் சுரண்டி, பாலிமர் கலந்த கலவையில அடைக்கணும். அதுக்கு முன்னாடி மேல ஒழுகறதை நிறுத்தணும்.

அந்தப் பொண்ணோட அப்பா போன் பண்ணினார். நாகர்கோவில்காரர், நாக்பூர்ல ரயில்வேல வேலை. திட்டப் போறார்னு நினைச்சேன். அவர் மெதுவா, "சார், கட்டிலை வேற பக்கம் தள்ளிப் போட்டாப் போதுமா சார்?"னு கேட்டார். ரூமையே மாத்திக் குடுத்துட்டோம்னு சொன்னேன். "அப்போ அந்த ரூம்ல வேற யாரும் வருவாங்களா சார்?"னு அடுத்த கேள்வி. பூட்டிட்டோம் அண்ணாச்சின்னேன். அப்புறம்தான் வீட்டு விசாரிப்பே.

அந்த வருஷம் கையில இருந்த பணத்துக்கு ரெண்டு வேலை போட்டி. ஒண்ணு, பட்டமளிப்பு விழாவுக்கு முன்னாடி மெயின் பில்டிங்குக்குப் பெயிண்ட், முன்வாசலுக்கு பேவர் பிளாக். இன்னொண்ணு இந்த ஹாஸ்டல் பாத்ரூம்கள். பெயிண்ட்டைப் போட்டோ எடுக்கலாம். பாத்ரூம் குழாயை யார் போட்டோ எடுப்பாங்க?

கமிட்டி மீட்டிங்குக்கு அந்த மூணரை கிலோ துண்டைப் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். அதுல ஒட்டியிருந்த கம்பி, முட்டை பஃப்ஸ் மாதிரி ஏடு ஏடா உரிஞ்சிருந்துச்சு. மேஜையில வச்சேன். ஒண்ணும் பேசலை. கை மாறி கை மாறி எல்லாரும் பார்த்தாங்க. ஹாஸ்டல்ல ஒரு விங்குக்குப் பணம் கிடைச்சுது. முழுசா கிடைக்கலை, ஒரு விங்குக்குத்தான்.

2019 மே மாசம். மாணவிகள் பிரதிநிதிங்க வந்து, "ஒவ்வொரு மாடியா பண்ணுங்க சார், ஆராய்ச்சி பண்றவங்க எங்கேயும் போக முடியாது"ன்னாங்க. நியாயமான பேச்சு. ஆனா குழாய் மாடி மாடியா ஓடறதில்லை. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே ஷாஃப்ட்டுல இறங்குது. நாலாவது மாடி பாத்ரூம் பயன்பாட்டுல இருந்தா, கீழ ரெண்டாவது மாடியில குழாயை எப்படி வெட்டறது? அதனால மாடியை மூட முடியாது, ஒரு வரிசையை மேலேர்ந்து கீழ வரைக்கும் மூடணும். பேப்பர்ல படம் போட்டுக் காட்டினேன். அவங்களே எந்த வரிசையை முதல்ல மூடணும்னு அட்டவணை போட்டுக் குடுத்தாங்க. என் அட்டவணையைவிட நல்லா இருந்துச்சு!

பழைய டைல்ஸை உடைச்சு, உள்ளே நிரப்பியிருந்த ஜல்லியை அள்ளி, புதுக் குழாய் போட்டு, வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சு, தண்ணியைக் கட்டி 48 மணி நேரம் விடணும். கீழ் மாடி சீலிங் ஈரமாகலைன்னாத்தான் டைல்ஸ். காண்ட்ராக்டர் ஒரு நாள் போதும்னு நச்சரிச்சார். "ஹோ ஜாயேகா சாப்"ங்கற வார்த்தையை நம்பி தில்லியில நிறைய கூரை ஒழுகுது. 48 மணி நேரம் முழுசா விட்டோம். ரெண்டு பாத்ரூம்ல கசிஞ்சுது, திரும்பப் பண்ண வச்சோம். ஜூலை ரெண்டாவது வாரம் முடிஞ்சுது.

இன்னொரு விங்கை 2020 கோடையில பண்ணலாம்னு ஒர்க் ஆர்டர் ரெடி. மார்ச் 25ல ஊரடங்கு. வளாகம் காலி. பரீட்சை இல்லை, பசங்க இல்லை, சத்தம் இல்லை. என் சர்வீஸ்லயே கிடைக்காத வாய்ப்பு. ஆனா வேலை செய்ய ஆளுங்க இல்லை. போன வருஷம் அந்த டைல்ஸ் ஒட்டின மிஸ்திரிகள் ஊருக்கு நடந்துட்டு இருந்தாங்க. ஒருத்தர் கான்பூர் தாண்டினப்புறம் போன் பண்ணி, மிச்சம் வரவேண்டிய கூலியைப் பத்திக் கேட்டார். காண்ட்ராக்டரைப் பிடிச்சு வாங்கி அனுப்பினோம். நாமளும் பிழைப்புக்கு ஊரை விட்டு வந்தவங்கதான். ஆனா நமக்கு ஒரு வீட்டுக் கதவு இருந்துச்சு, பூட்டிக்கிட்டு உள்ளே உட்கார.

அந்த விங் 2021ல ஒரு வழியா முடிஞ்சுது.

பணமே இல்லையான்னு கேட்பீங்க. புதுசா கட்ட வழி இருக்கு. 2017ல மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து ஆரம்பிச்ச 'ஹெஃபா' மாதிரி கடன் ஏற்பாடும் இருக்கு. 2019ல பொருளாதாரத்துல பின்தங்கினவங்களுக்கு 10 சதவீதம் வந்தப்போ மத்திய கல்வி நிறுவனங்கள்ல சீட்டைக் கூட்டினாங்க, அதுக்கும் கட்டடம் தேவைப்பட்டுச்சு. எல்லாம் சரிதான். ஆனா கட்டி முடிச்ச கட்டடத்துக்கு அடுத்த அம்பது வருஷம் சோறு போடறது யாரு? பராமரிப்புப் பணம்தான் எப்பவும் முதல்ல வெட்டு வாங்கும். ஒரு வருஷம் வெட்டினா யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் வெட்டினா மூணரை கிலோ கீழ விழும்.

பிள்ளைங்களை ஹாஸ்டல்ல விடப் போறவங்களுக்குச் சில விஷயம். ரூமுக்குள்ள போனதும் மெத்தையைப் பார்க்காதீங்க, அண்ணாந்து சீலிங்கைப் பாருங்க. பழுப்புக் கறையோ, கம்பி ஓடற மாதிரி நேர்க்கோட்டு விரிசலோ இருந்தா ரூம் மாத்தச் சொல்லுங்க. ஸ்விட்ச் போர்டு தொட்டா சூடா இருக்கான்னு பாருங்க. ஒரு பல்பு, ஒரு ஃபேனுக்குப் போட்ட ஒயர்ல இன்னைக்கு லேப்டாப்பும் கெட்டிலும் ஓடுது. படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கான்னு பாருங்க.

முக்கியமா, குறை இருந்தா வாயால சொல்லாம எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, தேதியோட. வார்டன்கிட்ட வாய்ல சொன்னது அங்கேயே போயிடும். எழுதினது என் மாதிரி ஒருத்தனோட எஸ்டிமேட்டுல முதல் பக்கமா வந்து உட்காரும். அதுவும் அக்டோபருக்கு முன்னாடி எழுதினா, அடுத்த மே மாசம் வேலை நடக்க வழி இருக்கு.