ஏறும்போது மாட்டு, இறங்கும்போது கழற்று



மார்க்கம் அடியார்களுக்கு வழங்கியுள்ள சலுகைகளுக்கு ருக்ஸத் என்று பெயர். இந்த ருக்ஸத்தை நம் மக்கள் இருவிதமாக வீணடிக்கின்றனர். சலுகையைப் பயன்படுத்துவதே ஈமானின் பலவீனம் என்று எண்ணுவோர் சிலர். அவர்கள் இயலாத நேரத்திலும் முழுச் சட்டத்தையே நிறைவேற்ற முனைந்து, முடியாமற்போனதும் அமலையே கைவிட்டு விடுகின்றனர். தேவை தீர்ந்த பிறகும் சலுகையையே வழக்கமாக்கிக் கொள்வோர் வேறு சிலர். ஃபிக்ஹு வகுப்பில் இதை விளக்கப் பயணியின் தொழுகையையும் நோயாளியின் நோன்பையும் நாம் உதாரணமாகக் கூறுவது வழக்கம். கடந்த குளிர்காலத்தில் நமக்குப் புதியதோர் உதாரணம் கிடைத்தது. மார்கழிப் பனிமூட்டத்தையன்றி வேறு பனியறியாத கனகம்மாசத்திரத்திற்கு அது நார்வே நாட்டிலிருந்து வந்து சேர்ந்தது.

நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் நார்வேயின் டிரொண்ட்ஹெய்ம் நகரில் மேற்படிப்புப் படிக்கிறார். அவருடைய தந்தை நம் ஊரில் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையோரம் டயர் கடை நடத்துபவர். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அவர் நம்மிடம் வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், பையன் கால்ல கட்டையைக் கட்டிக்கிட்டுப் பனியில போறானாம். ரெண்டு நாள், மூணு நாள் மலையிலேயே தங்குறாங்களாம். தொழுகையைப் பத்திக் கேட்டா பேச்சை மாத்துறான். நீங்கதான் சொல்லி அந்த விளையாட்டை நிறுத்தணும்” என்றார்.

விளையாட்டு அவருடைய உண்மையான கவலை அன்று என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. மகன் கைநழுவிப் போகிறானோ என்பதே அந்தத் தந்தையின் அச்சம்.

நார்வேயில் பனிச்சறுக்கு என்பது நடைபோன்ற ஒன்று. அங்குள்ள பள்ளிகள் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்கின்றன. அங்கே குடியேறிய ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறே கற்று வளர்கின்றனர். நம் நாட்டிலும் இது புதிதன்று. காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் அந்தப் பகுதியைச் சேர்ந்தவரே. கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜகதீஷ் சிங் கலந்துகொண்டார். ஆகவே விளையாட்டைத் தடுப்பதற்கு மார்க்கத்தில் காரணம் ஏதும் நமக்குத் தென்படவில்லை. தொழுகை என்னவாயிற்று என்பதே நம் கேள்வியாக இருந்தது.

அன்றிரவு வீடியோ அழைப்பில் மாணவருடன் பேசினோம். சற்று நேரம் தயங்கியவர், பிறகு மனம் திறந்தார். “பூட்ஸைக் கழற்றிக் காலைக் கழுவ முடியாத குளிர் ஹஜ்ரத். டிசம்பரில் பத்து மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். இரண்டரை மணிக்கெல்லாம் அஸ்தமித்துவிடும். அந்த நாலரை மணி நேரமும் நாங்கள் மலையில் இருப்போம். லுஹரும் அஸரும் வழியிலேயே போய்விடும். முறையாகச் செய்ய முடியாததைச் செய்யாமல் இருப்பதே மரியாதை என்று விட்டுவிட்டேன். பிறகு ஊருக்குத் திரும்பியும் அப்படியே விட்டுப்போயிற்று.”

இந்தக் கடைசி வாக்கியத்திற்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம். பிள்ளைகள் தொழுகையை விடுவது பெரும்பாலும் மறுப்பினால் நிகழ்வதில்லை. இப்படியான “மரியாதை”யினாலும் நிகழ்கிறது.

நாம் உடனே உபதேசம் செய்யவில்லை. மலை ஏறும்போது பலகை பின்னோக்கி வழுக்காதா என்று கேட்டோம். திருத்தணி மலைக்குப் படிகள் உண்டு. பனியில் படி ஏது? மாணவர் உற்சாகமாகி, தம் பலகையைத் திருப்பிக் காட்டினார். அதன் அடியில் நடுப்பகுதியில் நீண்ட பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் பெயர் “தோல்” என்றார்.

அது செயற்படும் விதம் எளிமையானது. ஓர் ஆட்டின் முதுகைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் மயிர் எதிர்த்து நிற்கும். அந்தப் பட்டையின் மயிரும் அவ்வாறே பின்னோக்கிப் படிந்துள்ளது. பலகை முன்னே செல்லும்போது அது இணங்குகிறது. பின்னே சறுக்க முற்பட்டால் பனியைப் பற்றிக்கொள்கிறது. பலகையின் நடுப்பகுதி வில்போலச் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆகவே ஒரு காலில் முழு எடையையும் ஊன்றினால்தான் பட்டை பனியில் நன்கு பதியும். அரைமனதாக ஊன்றினால் பிடிக்காது, கால் வழுக்கும்.

சிலவகைப் பலகைகளில் இந்தப் பட்டை நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். மலைப்பயணத்திற்கான பலகைகளில் அதைக் கழற்றி மாட்டலாம். முன்முனை பலகையின் அடியிலுள்ள பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். மீதி பசையால் ஒட்டிக்கொள்ளும். ஏற்றம் வந்தால் மாட்டுகின்றனர். உச்சியை அடைந்ததும் உரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கின்றனர். உடற்சூட்டில் பசை உறையாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கின்றனர். இரவில் குடிலில் தொங்கவிட்டு உலர்த்துகின்றனர். ஈரத்தோடு மறுநாள் கொண்டுபோனால் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, உதவ வேண்டிய பொருளே பாரமாகிவிடும்.

அப்போது மாணவர் ஒரு சந்தேகத்தைக் கேட்டார். “ஹஜ்ரத், இது மிருகத்தின் மயிர். மடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கும்போது தொழலாமா?”

தொழுகையை விட்டுவிட்டதாகச் சொன்ன பிள்ளை, தொழுகைக்கான சுத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்! அல்ஹம்துலில்லாஹ். வேர் காயவில்லை என்று நாம் அறிந்துகொண்டோம்.

பழங்காலத்தில் வடதேசத்தார் கடல்நாயின் தோலை இதற்குப் பயன்படுத்தினர். அல்தாய் மலைப்பகுதியில் வாழும் முஸ்லிம்களான கஸாக் மக்களும் அவர்களின் அண்டையரான துவா மக்களும் குதிரையின் தோலை மயிரோடு பலகையின் அடியில் போர்த்திப் பனியில் செல்கின்றனர். இன்று கடைகளில் கிடைப்பதோ பெயரளவில்தான் தோல். உண்மையில் அது மொஹேர் அல்லது நைலான் இழைகளாலான துணி. மொஹேர் நன்றாக வழுக்கும். நைலான் நன்றாகப் பற்றும், நீண்ட நாள் உழைக்கும். இரண்டும் கலந்தும் செய்கின்றனர். மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர். “தேர்ந்தெடுக்கப்பட்டது” என்று பொருள்படும் “முகய்யர்” என்ற அரபுச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது.

உயிருள்ள ஹலாலான பிராணியிடமிருந்து கத்தரிக்கப்பட்ட மயிர் சுத்தமானது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கம்பளி, உரோமம், மயிர் ஆகியவற்றால் மனிதர் பயன்பெறுவதை அந்-நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் இறைவனின் அருட்கொடையாகவே எடுத்துரைக்கிறது. பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிவிடும் என்ற கருத்திலமைந்த நபிமொழியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டு வாழும் நம் மக்களுக்கு இச்சட்டம் புதிதன்று. ஆகவே அந்தப் பட்டையைச் சட்டைக்குள் வைத்துத் தாராளமாகத் தொழலாம் என்றோம்.

பிறகு, காலுக்கு வேறொரு தோலும் உண்டே என்று நினைவூட்டினோம். தபூக் பயணத்தில் முஃகீரா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் குஃப்பைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையான நிலையில் அணிந்தவை என்று கூறி நபியவர்கள் தடுத்துவிட்டு, அவற்றின்மீது ஈரக்கையால் தடவினார்கள். இதுவே மஸ்ஹு. முழு ஒளூவோடு அணிந்த, கணுக்கால்களை மறைக்கும், சுத்தமான, நடப்பதற்கேற்ற, நீர் புகாத காலணியாக இருத்தல் வேண்டும். உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தவணை. பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும். அணிந்த பின் முதன்முதலாக ஒளூ முறியும் வேளையிலிருந்து தவணை தொடங்கும். இடையில் கழற்றினால் மஸ்ஹு முறிந்துவிடும். கால்களைக் கழுவ வேண்டும்.

மாணவரின் மலைப் பூட்ஸ் தோலாலானது, கணுக்காலுக்கு மேல்வரை மூடுவது, நீர் புகாதது. 1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலைப்பயணச் சங்கத்தின் குடில்களில் அவர்கள் தங்குகின்றனர். அங்கே பனியை உருக்கிச் சுடுநீர் வைக்கிறார்கள். காலையில் அந்த நீரால் ஒளூச் செய்து பூட்ஸை அணிந்துகொண்டால், பகல் முழுவதும் காலில் மஸ்ஹுச் செய்தால் போதும். உருகிய பனி தூய நீர்தான். பாவங்களை நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவுமாறு வேண்டும் துஆவும் நமக்குக் கற்றுத்தரப்பட்டுள்ளதே! இக்குடும்பம் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தது. அவர்கள் செல்லும் தூரமும் கஸ்ருக்குரிய அளவைக் கடந்தது. ஆகவே லுஹரையும் அஸரையும் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம் என்றோம். ஹனஃபி சகோதரர்களுக்குச் சேர்த்துத் தொழுவதில் சட்டம் வேறு. தத்தம் ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்க.

இப்படிப்பட்ட குளிரில் நமக்கு முன்னரும் தொழுதவர்கள் உண்டு என்பதையும் சொன்னோம். மதுரை சுல்தான்கள் காலத்தில் நம் தமிழ் மண்ணுக்கும் வந்த இப்னு பதூதா, வடக்கே புல்வெளி நாடுகளின் கடுங்குளிரில் பயணம் செய்தவர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உரோம அங்கிகளும் பல அடுக்குக் காலுறைகளும் அணிந்து, நெருப்பருகே வெந்நீரில் ஒளூச் செய்தும், தாடியில் வழிந்த நீர் அக்கணமே உறைந்தது என்று எழுதிவைத்துள்ளார். அவருக்கும் முன்பு 12ஆம் நூற்றாண்டில் கிரனடாவைச் சேர்ந்த அபூ ஹாமித் அல்-கர்னாத்தி, வடக்கே மக்கள் பலகைகளைக் காலில் கட்டிப் பனியில் செல்வதை விவரித்துள்ளார்.

அடுத்த வாரம் தந்தை வந்தபோது அந்தப் பட்டையைப் பற்றி விளக்கினோம். அவருக்குச் சொல்லாமலே பாதி புரிந்துவிட்டது. “மொட்டை டயரைப் போட்டுக்கிட்டு மலைப்பாதையில போக முடியுமா ஹஜ்ரத்? பிடிமானம் வேணும்” என்றார். அதன்பின் மகனிடம் தொழுகையைப் பற்றி அவர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. “தொழுதாயா?” என்று அதட்டுவதில்லை; “தோலை மாட்டிக்கிட்டியாப்பா?” என்கிறாராம். மகனும் பேச்சை மாற்றுவதில்லையாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் பாதிப் பாடமே கிடைத்திருக்கும். மார்ச் மாதத்தில் மாணவர் மீண்டும் அழைத்தார். தேர்வு நெருங்குகிறது, விடுதியிலும் லுஹரையும் அஸரையும் சேர்த்தே தொழுதுகொள்ளலாமா, மலையில் பழகிவிட்டதே என்று கேட்டார். விடுதி அவருக்கு ஊர். அங்கே அவர் பயணி அல்லர். சுடுநீரும் உண்டு, இடமும் உண்டு. நாம் சட்டத்தைச் சொல்லுமுன் ஒன்று கேட்டோம்: “உச்சியை அடைந்த பின் தோலை என்ன செய்வீர்கள்?”

“கழற்றிவிடுவோம் ஹஜ்ரத். மாட்டியபடியே இறங்கினால் பலகை இழுக்கும், வேகமாகச் செல்லாது” என்றவர், சற்று நிறுத்தி, “புரிகிறது” என்றார்.

சகோதர சகோதரிகளே! வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் நம்மில் பலர். அவர்களைப் பயணம் அனுப்பும்போது ஊறுகாயும் கம்பளியும் மறவாமல் கட்டிக் கொடுக்கிறோம். மஸ்ஹு, தயம்மும், கஸ்ர் ஆகியவற்றின் சட்டங்களையும் ஒரு மாலைநேரம் உட்காரவைத்துச் சொல்லி அனுப்புவோமாக. ஏற்றத்தில் நிற்கும் பிள்ளையிடம், “முழுவதும் செய், இல்லையேல் விடு” என்ற தோரணையில் பேசாதீர்கள். அது பிடிமானமின்றி மலையேறச் சொல்வதாகும். சமதளத்திற்கு வந்துவிட்ட பிள்ளையிடம், சலுகையின் காலம் முடிந்தது என்று அன்போடு சொல்லத் தயங்காதீர்கள்.

சலுகையை அருளியவனும் சட்டத்தை விதித்தவனும் ஒருவனே. அவன் மாட்டச் சொன்ன இடத்தில் மாட்டுவதும் வணக்கம். கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றுவதும் வணக்கம். முன்னேறும்போது இணங்கவும் பின்வாங்கும்போது தடுத்து நிறுத்தவும் வல்ல ஈமானை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல ரஹ்மான் வழங்கி அருள்புரிவானாக! ஆமீன்.