உள்வாயின் ஓரம்

ஏரிக்குப் பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறேன் என்றால் எல்லோரும் பறவைப் பட்டியலைக் கேட்கிறார்கள். அது எளிது. தை மாதக் காலையில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கக் கரையில் நின்றாலே நீர்க்காகம், முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து என்று ஒரு பக்கம் நிறையும். நான் முதலில் கேட்பது நீர்மட்டப் பதிவேட்டை.

கொடைக்கானல் கீழ்மலை ஓடைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் அணையை நிரப்புகின்றன. பிறகு திண்டுக்கல் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். ஓரடி இறங்கினால் அணைச்சுவர்ப் பக்கம் ஒன்றும் தெரியாது. உள்வாயில், சரிவு குறைந்த மண்ணில், தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அங்கே ஆழமில்லாத நீர், சேறு, கோரை. உள்ளான் அலகு நுழைக்கும் ஆழம் அது. மீன் குஞ்சு ஒதுங்குவதும் அங்கேதான். எந்த மாதம் எவ்வளவு ஓரம் ஈரமாக இருக்கும் என்று தெரியாமல் எழுதும் திட்டம் அலமாரிக்குத்தான் போகும்.

வண்டல் அள்ள வருகிறவர்கள் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிடுவார்கள். கொள்ளளவு கூடும், ஓரம் போய்விடும். நடுவில் அள்ளுங்கள், உள்வாயைச் சரிவாகவே விடுங்கள் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். நடைபாதை வேண்டுமா? அணைச்சுவர்ப் பக்கம் போட்டுக்கொள்ளட்டும்.

சட்டத்தை நம்ப முடியாது. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், குடிநீருக்கென்றும் பாசனத்துக்கென்றும் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலமாகவே கொள்வதில்லை. வேடந்தாங்கலும் வடுவூரும் பாசன ஏரிகள்தான். ஆனாலும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆத்தூரோ விதியின் கண்ணுக்கு வெறும் தொட்டி. அதனால் குடிநீர்க்காரர்களின் பேச்சிலேயே எழுதுகிறேன்: ஓரத்துக் கோரை மலைமண்ணைப் பிடித்து நிறுத்தும், உங்களுக்குக் கலங்கல் குறையும். பொய்யில்லை.

மீனில்தான் சிக்கல். ஜிலேபி புகுந்த ஏரியிலிருந்து அதை இனி யாராலும் வெளியேற்ற முடியாது; அதற்கு ஒரு வரி போதும். தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை மேல்பக்கக் குட்டைகளில் யாராவது வளர்க்கிறார்களா என்று ஓடை ஓடையாக விசாரிக்க வேண்டும், ஒரு வெள்ளத்தில் உள்ளே வந்துவிடும். நாட்டு மீனுக்கு வலைக்காரர்களே புத்தகம். விரால் பார்ப்பு எங்கே திரியும் என்று ஒருவரைக் கேட்டேன்.

“புதுத்தண்ணி ஏறுறப்ப ஓரத்துப் புல்லுக்குள்ளதாண்ணே. தாயும் தகப்பனும் கூடவே நிக்கும். அப்ப வலை போட்டா மொத்தமும் போச்சு.”

அந்த வாரங்களில் உள்வாயில் வலை கூடாது என்பது திட்டத்தில் ஏறியது. எந்த வாரங்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வலைக்காரர்களே சொல்வார்கள் என்றும் எழுதினேன். தேதி போடச் சொல்லி அதிகாரிகள் இன்னும் கேட்கிறார்கள்.