வழியில் இருக்கிற ஊர்

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் ராமேஸ்வரம் போய்வந்தால் என்னிடம் ஒப்பிப்பார்கள்: இருபத்திரண்டு தீர்த்தம், மூன்றாம் பிரகாரம், அரிச்சல்முனை. நடுவில் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்கள் இருக்கிறதே என்றால், "அது வழியாத்தான சார் போனோம்" என்பார்கள். வழிதான். அந்த வழியில்தான் நான் வளர்ந்தேன்.

தங்கச்சிமடத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே அலை அடிப்பது ஆண்கடல் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இந்தப் பெயரை வைத்தவர் வாடைக்காலத்தில் வடகரையில் நின்றிருக்க மாட்டார். கச்சான் வீசும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும், வடக்கு படிந்து கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கரை மாற்றுவார்கள்.

கடலைத் தவிர எங்களுக்கு மல்லிகை உண்டு. அதை யாரும் நம்புவதில்லை. மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். அதை இறைத்து ஊற்றித்தான் பதியன் போடுவார்கள். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைத் தோட்டங்களுக்கு நாற்று போவது எங்கள் தீவிலிருந்து. பூ எங்கே மலர்கிறதோ அந்த ஊருக்குத்தான் பேர், அதுவும் நியாயந்தான். ஆனாலும் கடைத்தெருவில் பூக்காரம்மா "மதுரை மல்லி" என்று கூவும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி அப்பத்தாவிடம் கேட்டால் பதில் வராது. அந்த ஊரைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவாள். அவளுக்கு அது இடிந்த தேவாலயம் இல்லை. போட் மெயில் போய் நிற்கிற ஊர், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிற ஊர், சுங்கத்துக்காரன் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிற ஊர். சிலோன் சோப்பின் வாசனையை அவள் சொல்லும் விதத்திலேயே கை மணக்கும். இன்று அங்கே போகிறவர்கள் இடிபாட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். செத்த நாளை வைத்தே ஓர் ஊரை நினைப்பது எனக்குச் சம்மதமில்லை.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலந்தான் வெகுகாலம் எங்களுக்கு ஒரே வாசல். அரிசி, மண்ணெண்ணெய், பிரசவ வலி கண்டவள், மணப்பெண், எல்லாம் அதன் வழியாகத்தான். காற்றின் வேகம் 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும்; வண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றுகொள்ளும். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையாலேயே விசையைச் சுற்றித் தூக்குவார்கள். பார்க்க ஓடுவோம். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் மோட்டாரே தூக்கிவிடுகிறது. அன்றே தாம்பரத்துக்கு ரயிலும் விட்டார்கள். இப்போது மாலையில் ஏறினால் விடிகாலையில் ஊர். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் தீவு தீவாக இல்லாமல் போனது அதற்கு முன்பே, 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறந்தபோது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் காலையில் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிக் கல்லூரி முடிந்து சாயங்காலம் திரும்பினார்கள். காற்று எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. என் தம்பி மகளிடம் எந்த ஊர் என்று கேளுங்கள், "ராம்நாடு பக்கம்" என்பாள்.