படி எங்கே போச்சு கண்ணு?



"வீட்டு வேலை முடிஞ்சுதா சார், படம் போடுங்க" என்று பழைய மாணவர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வேலை ஒருமுறை அல்ல, இரண்டு முறை முடிந்தது. அது ஏன் என்று சொல்லிவிட்டுப் படம் போடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

எங்கள் வீடு பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. 1965-இல் அப்பா கட்டியது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். "மாவட்டத்துக்கும் நம்ம வீட்டுக்கும் ஒரே வயசு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கருங்கல் அஸ்திவாரம், மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு. முன்னால் திண்ணை, உள்ளே கூடம், பின்னால் தாழ்வாரம். கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஒரு படி இறங்க வேண்டும். நான் சொல்லப்போவது முழுக்க அந்த ஒரு படியின் கதைதான்.

சின்ன வயதில் எங்களுக்குப் பொங்கல் என்றாலே வெள்ளையடிப்புதான். சுட்ட சுண்ணாம்புக் கல்லை அப்பா பெரிய மண்தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பே இல்லாமல் அது தளதளவென்று கொதிக்கும். "கிட்டப் போகாதீங்கடா, கண்ணு போயிடும்" என்று அம்மா கத்துவார். இரண்டு நாள் ஊறியதும் வடிகட்டி, வடிகஞ்சி கொஞ்சம், நீலம் கொஞ்சம் கலந்து மட்டையால் அடிப்போம். எல்லாம் காய்ந்த பிறகு அப்பா தன் கையாலேயே சுவரின் அடியில் சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை போடுவார். படியின் விளிம்பிலும் காவி. அதன்மேல் அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். வருடா வருடம் இதேதான். இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

போன வருடம் ஓடு ஒழுக ஆரம்பித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், "ஓடு மாத்தறதோட நிறுத்த வேணாம்ப்பா, முழுசா செஞ்சிடலாம். ஆயா நல்ல வீட்ல இருக்கட்டும்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். கைப்பேசியில் படங்கள் காட்டினான். வெளிர் சாம்பல் சுவர், அதே நிறத்தில் பளபளக்கும் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், அதில் குழிவிளக்குகள். பார்க்கக் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. தருமபுரிக்குப் போய் பெயிண்ட் கடையில் வண்ண அட்டையைப் புரட்டினோம். சாம்பலில் மட்டும் எத்தனை விதம்! ஒரு மணி நேரம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். விளக்கெல்லாம் 6500 கெல்வின், அதாவது பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படிக்கு என்ன கலர் வாங்குனீங்க?"

"படிக்கெல்லாம் இப்போ கலர் கிடையாதும்மா, எல்லாம் டைல்ஸ்" என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து வேலை முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் "டவுன் வீடு மாதிரி இருக்கு சார்" என்றார்கள். எனக்கும் பெருமைதான். குடிபோன பன்னிரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். ஏதோ விழுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா தாழ்வாரத்தில் கிடந்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தூக்கி உட்கார வைத்ததும் வலியைச் சொல்லவில்லை. "அந்தப் படி எங்கே போச்சு கண்ணு?" என்றுதான் கேட்டார்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மாவுக்கு 84 வயது. அறுபது வருடமாக ஏறி இறங்கிய படி அது. இருட்டிலும் தடுமாறாமல் நடந்தவரை வெளிச்சத்தில் விழவைத்தது எது என்று எனக்குப் புரியவில்லை.

அன்று இரவு நானே கூடத்தில் நின்று பார்த்தேன். கூடத்துத் தரையும் தாழ்வாரத்துத் தரையும் ஒரே வெளிர் சாம்பல். சுவரும் அதே. படி முடியும் இடத்தில் ஒரு கோடு கூட இல்லை. மேலேயிருந்த குழிவிளக்கு டைல்ஸில் பட்டுக் கண்ணைக் கூசியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். படியே இல்லை. ஒரே சமதரை.

முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவன் நான். கண்ணின் பாகங்களைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! விழிலென்சு வயதாக ஆக மஞ்சளிக்கும், கண்ணின் பாவை சுருங்கும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 84 வயதில் இன்னும் குறைவு. அதோடு நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள சின்ன வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனும் குறையும். கூச்சம் மட்டும் அதிகமாகும். இதெல்லாம் தெரிந்திருந்தும் பெயிண்ட் கடையில் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நானும் மகனும் எங்கள் கண்ணுக்குத்தான் கலர் தேடினோம்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இடது கண் இன்னும் செய்யவில்லை. ஒருநாள் சும்மா கேட்டேன். "அம்மா, இந்தச் சுவர் என்ன கலர்?" இடது கையால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை. "இந்தக் கண்ணுக்கு நீல வெள்ளை. அந்தக் கண்ணுக்குப் பழைய வேட்டி கலர்" என்றார். ஒரே சுவர், ஒரே ஆள், இரண்டு நிறம்! ஓவியர் மோனே 1923-இல் புரை அறுவை செய்துகொண்ட பிறகு, நிறமெல்லாம் மாறித் தெரிகிறது என்று தவித்ததைப் படித்திருக்கிறேன். அதே விஷயத்தை எங்கள் அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வழி காட்டியது கார்த்திகை தீபம். அம்மாவால் விளக்கு ஏற்ற முடியவில்லை. என் மனைவி அகல் ஏற்றி வாசல், திண்ணை, அந்தப் படி எல்லாவற்றிலும் வைத்தார். மேலே இருந்த விளக்கை அணைத்திருந்தோம். அம்மா கட்டிய கையோடு மெதுவாக நடந்து வந்து படியருகே நின்றார். "இன்னைக்குப் படி நல்லாத் தெரியுது" என்றார். ஆயிரம் லூமென் விளக்கில் தெரியாத படி இரண்டு அகலில் தெரிந்தது. வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்திருக்கிறோம். அது எங்கிருந்து, எதன்மேல் விழுகிறது என்று பார்க்கவில்லை.

மகனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ மாத்திடலாம்ப்பா. ஆயாவையே கேட்டு மாத்துங்க" என்றான்.

இரண்டாவது சுற்றில் அம்மாதான் தலைமை. பெயிண்டர் தம்பி நான்கு அட்டைகளில் நான்கு நிறம் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும், இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்து அம்மா தேர்ந்தெடுத்தார். சுவருக்கு லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. அடியில் காவிப் பட்டை. கதவு நிலைக்குக் கரும்பழுப்பு. வெள்ளைச் சுவரில் வெள்ளையாக இருந்த சுவிட்சுப் பெட்டிகளைச் சுற்றியும் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு. "இல்லேன்னா தடவித் தடவித்தான் தேடணும்" என்றார்.

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எண்ணால் சொல்வார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. பார்வை குறைந்தவர்கள் சுவரையும் தரையையும் பிரித்தறிய இரண்டுக்கும் 30 புள்ளியாவது வித்தியாசம் வேண்டும் என்பது பிரிட்டனில் கட்டடம் கட்டுவோர் பின்பற்றும் அளவு. எங்கள் சாம்பல் சுவருக்கும் சாம்பல் தரைக்கும் ஐந்து புள்ளி கூட இருந்திருக்காது. வெள்ளைச் சுவருக்கும் காவிப் பட்டைக்கும் அந்த 30-ஐத் தாண்டி எவ்வளவோ இருக்கும்.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு மாணவர்களைக் கூட்டிப்போவேன். மண்டபத்தின் மேல்தளத்தில் பழைய ஓவியங்கள், இராமாயண, மகாபாரதக் காட்சிகள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் அண்ணாந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது உருவத்தின் விளிம்புதான். அப்பாவின் காவிப் பட்டையும் அப்படி ஒரு விளிம்புதான் என்பது இவ்வளவு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பெரியவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படிக்குப் பூசிய மஞ்சள் கண்ணுக்கு உதவியது உண்மை.

இன்னொரு தவறும் அப்போது வெளியே வந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் பட்டி போட்டு எமல்ஷன் அடித்திருந்தோம். இரண்டே மாதத்தில் கீழ்ப்பகுதி கொப்புளித்து உரிந்தது. மண்சாந்துச் சுவர் தரையிலிருந்து ஓதம் இழுக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் படலம் போன்ற எமல்ஷன் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். கீழே மூன்றடிக்குச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே அடித்தோம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் மாறும் என்று வகுப்பில் செய்து காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதே வேதிவினைதான் சுவரிலும் நடக்கிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்து மறுபடி கல்லாக இறுகுகிறது.

விளக்குகளை மின்வேலை செய்யும் தம்பியோடு உட்கார்ந்து மாற்றினேன். குழிவிளக்குகளில் பாதியை எடுத்துவிட்டோம். கூடத்துக்குப் பால்நிற மூடி போட்ட 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு, 4000 கெல்வின். ஒளி பரவலாக விழும், கூசாது. படுக்கும் அறைக்கு 3000 கெல்வின், இளமஞ்சள். படிக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் சின்ன விளக்கு. அதுதான் எங்கள் கார்த்திகை அகல். கட்டில் பக்கத்திலும் கதவருகிலும் ஒரே விளக்குக்கு டூவே சுவிட்ச். இரவுக்கு அரை வாட் பல்பு. நாம் 'ஜீரோ வாட்' என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய இரவு பல்பு உண்மையில் பத்துப் பதினைந்து வாட் இழுக்கும், தெரியுமா?

எல்.இ.டி. பல்பை மாட்டும்போது எனக்கு ஒரு சந்தோஷம். அதற்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே மஞ்சள் பூச்சு. நீலமும் மஞ்சளும் சேர்ந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல ஒளியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சுண்ணாம்பின் பழுப்பை மறைக்க அப்பா நீலம் கலந்தாரே, அது வேறு முறை என்றாலும் மஞ்சளுக்கு மருந்து நீலம் என்பது இரண்டுக்கும் பொதுதான்.

அம்மாவின் கட்டைப் பிரித்தது மார்கழிக் கடைசியில். பொங்கலுக்கு வந்த மகன், பெயிண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கூடத்துக் காவிப் பட்டையைத் தானே போட்டான். டேப் ஒட்டி, நேராக, நிதானமாக. படியின் விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு வழுக்காத மஞ்சள் பட்டை ஒட்டினான். அதன்மேல் அம்மா குங்குமம் வைத்தார். பிறகு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுக்கும் தெரியுது சாமி" என்றார் பேரனிடம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கொஞ்சம் கழித்து, "உங்க தாத்தா போட்ட பட்டை இன்னும் ஒரு சாண் உசரம்" என்றார். மறுநாள் அதையும் உயர்த்தினோம்.

வீடு புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வண்ண அட்டையைக் கையில் எடுக்கும் முன், விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் கை சுவரைத் தேடுகிறது என்று பாருங்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

படங்கள் கீழே. முதல் படத்தில் அந்தப் படி. இந்த முறை உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.