குவாக்கமோலே என்றால் துவையல்!

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரை வரை உள்ள வீதிகளில், இன்றும் பெயர்ப்பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் நிற்கின்றன. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ம் தேதியோடு முடிந்துபோனாலும், சாப்பாட்டில் அந்த வாடை போகவில்லை. சுற்றுலா வருபவர்களை நம்பி நடக்கும் உணவகங்களின் விலைப்பட்டியலில், பிரெஞ்சு ரொட்டிக்குப் பக்கத்தில் 'குவாக்கமோலே' என்றொரு பெயரும் தென்படும். வாய்க்காலைத் தாண்டி மேற்கே நேரு வீதிப் பக்கம் வந்தால், அதே பழம் 'பட்டர் ஃப்ரூட் ஜூஸ்' என்று பாலும் சர்க்கரையும் சேர்ந்து டம்ளரில் வருகிறது. இரண்டுமே அவகேடோ எனும் வெண்ணெய்ப்பழம்தான்.

குவாக்கமோலே என்பது ஸ்பானிய மொழிச் சொல். ஆனால், பிறந்த இடம் மெக்சிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் 'ஆவகாட்டில்' என்றால் இந்தப் பழம். 'மோல்லி' என்றால் அரைத்த குழம்பு, துவையல். இரண்டும் சேர்ந்த 'ஆவகமோல்லி'யைத்தான், 1519-ல் அங்கே போய் இறங்கிய ஸ்பானியர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி குவாக்கமோலே ஆக்கினார்கள். மிளகைப்போல் காரமாக இருந்த காய்க்கு இங்கே மிளகாய் என்று பெயர் வைத்ததைப்போல, பழத்தின் பெயரிலும் ஒரு வேடிக்கை நடந்தது. வாயில் நுழையாத ஆவகாட்டில், வக்கீலைக் குறிக்கும் பழைய ஸ்பானியச் சொல்லோடு கலந்துபோனது. அதனால் பிரெஞ்சு மொழியில் இன்றைக்கும் வக்கீலுக்கும் 'அவொக்கா', பழத்துக்கும் 'அவொக்கா'தான்.

செய்முறை, பெயருக்கு ஏற்றபடி துவையல்தான். கனிந்த சதையை மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, கொத்தமல்லித் தழை, உப்பு சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. அடுப்பே வேண்டாம். எலுமிச்சையின் புளிப்பு, சதை கறுப்பதைத் தாமதப்படுத்தும். மிளகாயும் தக்காளியும் மெக்சிகோவிலிருந்து இங்கே வந்தவை. கொத்தமல்லியும் எலுமிச்சையும் கடல் தாண்டி அங்கே போனவை.

இந்தச் சொல்லின் பொருள் தெரிந்தால், பழம் விளைவிப்பவருக்கு ஒரு லாபம் உண்டு. ஜூஸில் சர்க்கரையும் பாலும் பழத்தின் குறையை மறைத்துவிடும். துவையலில் மறைக்க எதுவும் இல்லை. பழத்தின் கொழுப்பும் பதமும்தான் ருசி. முற்றாத பழம் கனியாது. சுருங்கி, ரப்பர்போல ஆகிவிடும். ஒரு பெட்டியில் பாதி அப்படி இருந்தால், சமையல்காரர் அடுத்த முறை தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வரும் பழத்தைத் தேடிப் போய்விடுவார்.

தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலை, ஏற்காடு, நீலகிரி பகுதிகளில் காபித் தோட்டங்களில் இந்த மரம் ஊடுபயிராக நிற்கிறது. தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், டி.கே.டி-1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. இந்தப் பழம் மரத்தில் கனியாது. பறித்த பிறகுதான் கனியும். அதனால் பார்வைக்குப் பெரிதாக இருக்கிறதே என்று மொத்தமாக உலுக்கக் கூடாது.

முதலில் இரண்டு காய்களை மட்டும் பறிக்க வேண்டும். ஒன்றை அறுத்துப் பார்த்தால், கொட்டையின் மேல்தோல் வெளுப்பு மாறிப் பழுப்பாக, மெல்லிசாக இருக்க வேண்டும். மற்றொன்றைச் சாதாரண அறையில் வைத்தால், ஒரு வாரம், பத்து நாளில் சுருங்காமல் சீராக மெத்தென்று ஆக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அறுவடையைத் தொடங்கலாம். சிறிது காம்பு விட்டு வெட்டி, கீழே விழாமல் இறக்கி, மூட்டையில் திணிக்காமல் பெட்டியில் அடுக்க வேண்டும். இந்தப் பக்குவம் கைவந்தால், ஜூஸ் கடைக்கும் கொடுக்கலாம். 'குவாக்கமோலே' என்று எழுதியிருக்கும் உணவகத்தின் கதவையும் தைரியமாகத் தட்டலாம்.