சாய்ந்த தோளும் உழைப்பாளர் சிலையும்: எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் ஒரு நாள்

"அசையாதீங்க தாத்தா... இன்னும் அஞ்சே நிமிஷம்!"

மேடை என்று சொல்ல முடியாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப் பலகை, அவ்வளவுதான். அதன் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல் நிற்கிறார் ஒரு பெரியவர். அவரது பாதங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அதே இடத்தில், அதே மாதிரி நிற்பதற்கான அடையாளம் அது. சுற்றிலும் மாணவர்கள், மடியில் பலகை, கையெல்லாம் கரி.

எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே, ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி இது. வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. கேட்டைத் தாண்டி நாலு அடி வைத்தால் மர நிழலும் அமைதியும்தான்.

வாரப் பத்திரிகை படிக்கிற எல்லா வீட்டுக்கும் இந்தக் கல்லூரியோடு ஒரு சொந்தம் உண்டு. கதைகளுக்குப் படம் வரைந்து நம் மனதில் இடம்பிடித்த ஆதிமூலம், ட்ராட்ஸ்கி மருது, மணியம் செல்வன் எல்லோரும் இங்கே படித்தவர்கள்தான். அவர்கள் வரைந்த மனிதர்கள் உயிரோடு இருப்பதுபோலத் தெரிகிறார்களே, அது எப்படி வருகிறது? அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

தலை ஒன்று, உடம்பு ஏழரை

மனித உருவம் வரைவதை இங்கே 'ஃபிகர் டிராயிங்' என்றே சொல்கிறார்கள். ஆரம்பத்தில் கை, கால், முகம் என்று தனித்தனியாகப் பழக்கம். பிறகு வேகப் பயிற்சி. மாடல் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று போஸ் மாற்றிக்கொண்டே இருப்பார். அதற்குள் முழு உருவத்தையும் பிடித்துவிட வேண்டும். கண், மூக்கு எல்லாம் வேண்டாம், உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்பது வந்தால் போதும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நேராக நீட்டி, பென்சிலால் அளப்பதைச் சினிமாவில் பார்த்திருப்போம். ஸ்டைலுக்காகச் செய்வதில்லை அது. மாடலின் தலை உயரத்தைப் பென்சிலில் குறித்துக்கொண்டு, மொத்த உடம்பும் எத்தனை தலை என்று கணக்குப் போடுகிறார்கள். வளர்ந்த மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் என்பது பாடம்.

நம் ஸ்தபதிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அவர்களுக்கு முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் 12 அங்குலம். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை தாளம் என்பது சிற்ப சாஸ்திரத்தில் இருக்கிறது. அங்கே அளவு முதலில் வரும், உருவம் பிறகு வரும். இந்த வகுப்பில் முதலில் வருவது எதிரே நிற்கும் ஆள். அதுதான் மேல் வகுப்புகளில் சிக்கலாகிறது.

"புத்தகத்தை வரைஞ்சிருக்க..."

பெரியவர் இடது காலில் எடையைப் போட்டு, வலது காலைத் தளர்த்தி நின்றார். அப்படி நின்றால் எடை தாங்குகிற பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கம் தோள் இறங்கும். கண்ணாடி முன்னால் நீங்களே நின்று பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் அதை அழகாக வரைந்திருந்தார். இடது தோள் கீழே, வலது தோள் மேலே. கழுத்துக் குழியிலிருந்து நேர்கோடு இழுத்தால் சரியாக இடது குதிகாலுக்கு வரும். எனக்கு அது அச்சு அசல் என்றே பட்டது.

ஆசிரியர் வந்தார். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா புத்தகத்தை வரைஞ்சிருக்க, அவரை வரையல" என்றார்.

மாணவி நிமிர்ந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பெரியவரின் வலது தோள்தான் இறங்கியிருந்தது. விதிப்படி உயர்ந்திருக்க வேண்டிய தோள் அது.

"கொத்தவால்சாவடியில மூட்டை தூக்குன தோளு கண்ணு. எப்புடி நின்னாலும் அப்புடித்தான் நிக்கும்" என்று மேடையிலிருந்தே சொன்னார் பெரியவர், தலையைத் திருப்பாமல்.

1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறும்வரை கொத்தவால்சாவடியில் இருந்தாராம். பிறகு கோயம்பேட்டிலும் சில வருடங்கள். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, தெரிந்தவர் சொல்லி மாடலாக வந்திருக்கிறார்.

மாணவி ரப்பரை எடுத்தார். மூன்று மணி நேர உழைப்பு. தயங்கியது கை. பிறகு இரண்டு தோளையும் அழித்துவிட்டு மறுபடி அளக்க ஆரம்பித்தார். முதுகு வளைந்திருந்ததால் ஏழரைத் தலையும் வரவில்லை. ஏழுக்கும் குறைவுதான்.

"ஃபர்ஸ்ட் இயர்ல ரூல் கத்துக்கணும். இப்போ அந்த ரூல் எங்க உடையுதுன்னு பார்க்கணும். அதுதான் கஷ்டம்" என்றார் அவர் என்னிடம். "வீட்டுல, 'தினம் ஒரே தாத்தாவை வரையறதுக்கு நாலு வருஷப் படிப்பா'ன்னு கேட்பாங்க. எனக்கும் பதில் தெரியாம இருந்துச்சு."

இடைவேளையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, டீ கிளாஸோடு ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தார் பெரியவர். ஒரு மாணவரிடம், "அந்த முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கணும் தம்பி" என்றார். மாணவர் சிரிக்கவில்லை, திருத்தினார். பல வருடங்களாகத் தன்னையே பார்த்துவரும் விமர்சகர் ஆயிற்றே!

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் நான் வரைந்தது வேட்டி கட்டிய மின்கம்பம் போல இருந்தது. அதைவிட, அசையாமல் நிற்பதை முயன்று பார்த்ததுதான் பாடம். நாலாவது நிமிடத்தில் கால் நடுங்கிவிட்டது. அவர் ஒரு தடவைக்கு 20 நிமிடம் நிற்கிறார்.

காவலாளியும் மாணவரும்

கிளம்பும்போது, "அப்படியே மெரினா போய் உழைப்பாளர் சிலையைப் பாருங்க" என்றார் ஆசிரியர்.

அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதே கல்லூரிக்கு 1929 முதல் 1957 வரை முதல்வர். பெரும் பாறையை நகர்த்தும் நான்கு தொழிலாளர்களைச் செய்ய அவர் மாடல் தேடி எங்கும் போகவில்லை. கல்லூரியின் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் நிற்க வைத்தார். 1959-ல் சிலை கடற்கரைக்கு வந்தது.

மாலையில் அங்கே போய் நின்றேன். எத்தனையோ முறை அதன் எதிரே பஸ் ஏறியிருக்கிறேன். அன்றைக்குத்தான் சுற்றிவந்து பார்த்தேன். எந்தக் கால் ஊன்றியிருக்கிறது, எந்த இடுப்பு ஏறியிருக்கிறது, பாறையின் கனம் எந்தத் தோள் வழியாக இறங்குகிறது என்று ஒவ்வொன்றாக. கல்லூரியைக் காவல் காத்த ஒரு மனிதர், அத்தனை வருடங்களாக அங்கே பாறையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்.

வரைய ஆசையுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு தகவல்: ப்ளஸ் டூ முடித்தவர்கள் சேரும் நான்கு வருட பி.எஃப்.ஏ. படிப்பு இது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது.

இரவு அந்த மாணவி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். முகம் இன்னும் முடியவில்லை. கண் இருக்கும் இடத்தில் வெறும் நிழல். ஆனால் வலது தோள் இறங்கியிருந்தது. பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.